ஓர் எழுத்தை நம்பிய கடிகாரங்கள்

கணினி வலையமைப்புகளில் நேரத்தை ஒத்திசைக்கும் மென்பொருள்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்றும், நீண்ட காலம் மிகப் பரவலாகப் பயன்பட்டதுமான என்டிபிடி என்னும் நிரலை இயக்கும்போது, அதன் பெயருக்குப் பின்னால் ஒரு சிறுகோட்டையும் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தையும் சேர்த்துவிட்டால் கணினியின் கடிகாரம் திடீரெனத் தாவாது, சிறிது சிறிதாகவே திருத்தப்படும் என்பது நிர்வாகிகள் பல ஆண்டுகளாக நம்பியிருந்த ஒன்று. அந்த நம்பிக்கை சாதாரண நாள்களிலெல்லாம் மெய்யாக இருந்தது. எந்த நாளில் அது முதன்மையாகத் தேவைப்பட்டதோ அந்த நாளில் பொய்த்தது. உலகக் கடிகாரத்தில் ஒரு நொடி கூடுதலாகச் சேர்க்கப்படும் நாளே அது. 2015 ஜூன் 30 அன்று அத்தகைய நொடி ஒன்று சேர்க்கப்படவிருந்த நிலையில், அந்த எழுத்தின் குறையை நீக்கிய பதிப்பு ஜூன் 29 அன்றுதான் வெளியானது.

கட்டளை வரி என்பது, திரையில் உள்ள படங்களைச் சொடுக்கி வேலை வாங்குவதற்கு மாறாக, செய்ய வேண்டியதை எழுத்தில் தட்டச்சு செய்து கணினியிடம் ஒப்படைக்கும் முறை. வீட்டுக் கணினியிலும் கைபேசியிலும் இன்று அதைக் காண்பது அரிது. ஆனால் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் பயணச்சீட்டு முன்பதிவையும் தாங்கி நிற்கும் சர்வர்கள், அதாவது பிற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினிகள், பெரும்பாலும் திரையோ விசைப்பலகையோ இல்லாமல் குளிரூட்டப்பட்ட அறைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருப்பதால், அவற்றை ஆள்வதற்குக் கட்டளை வரியே இன்றளவும் முதன்மையான வழி. ஒரு நிரலின் பெயரை மட்டும் எழுதினால் அது தன் இயல்பான போக்கில் இயங்கும். பெயரை அடுத்துச் சிறுகோடும் எழுத்தும் வந்தால், அந்தப் போக்கில் ஒரு மாற்றம் வேண்டும் என்று பொருள். இந்தச் சேர்க்கையே விருப்பத்தேர்வு, நிர்வாகிகளின் பேச்சுவழக்கில் ஆப்ஷன். கணினி தொடங்கும்போது படிக்கப்படும் ஒரு கோப்பில் இதை ஒருமுறை எழுதி வைத்தபின், பல ஆண்டுகளுக்கு எவரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. நிரலின் மூலநிரலைப் படித்துப் பார்க்க நேரமோ பயிற்சியோ வாய்க்காத நிர்வாகிக்கும் அந்த நிரலை எழுதியவருக்கும் இடையே எழுத்தில் இருக்கும் உடன்படிக்கை, அந்த ஒற்றை எழுத்தும் அதற்குக் கையேட்டில் தரப்பட்டுள்ள சில வரி விளக்கமும் மட்டுமே.

ஒத்திசைவு ஏன் தேவைப்படுகிறது என்பதற்குக் கணினிக் கடிகாரத்தின் பலவீனமே காரணம். அதனுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு இத்தனை முறை என்ற கணக்கில் அதிர்கிறது. அந்த அதிர்வுகளை எண்ணியே கணினி நேரத்தை அறிகிறது. ஆனால் அறையின் வெப்பமும் படிகத்தின் வயதும் அதிர்வைச் சற்றே மாற்றுகின்றன. பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை என்பது படிகத்தைப் பொறுத்தவரை இயல்பான அளவுதான் என்றாலும், அந்த அளவிலேயே கடிகாரம் நாளொன்றுக்கு 4 நொடிக்கு மேல் விலகிப்போய், ஒரு மாதத்தில் இரண்டு நிமிட வேறுபாட்டை எட்டிவிடும். இதைச் சரிசெய்ய, வலையமைப்பின் வழியே நம்பகமான கடிகாரங்களிடம் நேரத்தைக் கேட்டறியும் நெறிமுறை ஒன்றை அமெரிக்க அறிஞர் டேவிட் மில்ஸ் வகுத்தார். என்டிபி எனப்படும் அதன் முதல் வரையறை 1985இல் வெளியானது. நான்காம் பதிப்பின் வரையறை 2010இல் வந்தது. பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த மில்ஸ், பிறவியிலேயே கண்ணழுத்த நோயால் பாதிக்கப்பட்டு முதுமையில் பார்வையை முற்றிலும் இழந்தவர். 2024 ஜனவரியில் தம் 85ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நெறிமுறையைச் செயல்படுத்த எழுதப்பட்ட நிரலே என்டிபிடி.

அது நேரத்தைக் கேட்கும் விதம் எளியது. கேட்கும் கணினி தான் கேள்வியை அனுப்பிய கணத்தைக் குறிக்கிறது. சர்வர், கேள்வி வந்து சேர்ந்த கணத்தையும் விடை புறப்படும் கணத்தையும் குறித்து அனுப்புகிறது. விடை கைக்கு வந்த கணத்தைக் கேட்ட கணினி மீண்டும் குறித்துக்கொள்கிறது. இந்த நான்கு குறிப்புகளைக் கொண்டு, வழியில் கழிந்த நேரம் எவ்வளவு, இரு கடிகாரங்களுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு என்பவற்றைக் கணக்கிட்டுவிடலாம். வேறுபாடு தெரிந்த பிறகு அதை எப்படித் தீர்ப்பது என்பதுதான் நுட்பமான பகுதி. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. கடிகாரத்தை நேராகச் சரியான நேரத்துக்கு மாற்றி வைப்பது தாவல் திருத்தம். கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ, அது தானாகச் சரியான நேரத்தை வந்தடையும்படி விடுவது மென்திருத்தம். வேறுபாடு 128 மில்லி நொடிக்குள் இருந்தால் மென்திருத்தம், அதற்கு மேல் போய் அந்நிலை சில நிமிடங்கள் நீடித்தால் தாவல், 1000 நொடியையும் தாண்டிவிட்டால் ஏதோ பெரும் கோளாறு என்று கருதிப் பதிவேட்டில் எழுதிவிட்டு நிரல் தானே நின்றுவிடுவது என்பவை என்டிபிடியின் இயல்பான விதிகள்.

எக்ஸ் என்னும் விருப்பத்தேர்வு இவற்றுள் முதல் எல்லையை 128 மில்லி நொடியிலிருந்து 600 நொடிக்கு உயர்த்துகிறது. பத்து நிமிடம் வரையிலான எந்த வேறுபாட்டையும் மென்திருத்தத்தாலேயே தீர்க்க வேண்டும் என்பதே இதன் விளைவு. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மென்திருத்தத்தின் வேகம் நொடிக்கு அரை மில்லி நொடி என்று கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், ஒரு நொடி வேறுபாட்டைக் கரைக்க 2000 நொடிகள், அதாவது 33 நிமிடங்களுக்கு மேல், ஆகும். 600 நொடி வேறுபாட்டுக்குக் கிட்டத்தட்ட 14 நாள்கள் வேண்டும். இந்தக் கணக்கைக் கையேடே தெளிவாகத் தருகிறது. அத்தனை காலமும் கடிகாரம் தவறான நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும் என்பதை அறிந்தே நிர்வாகிகள் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது. சரியான நேரத்தைவிட, ஒருபோதும் பின்னோக்கிப் போகாத நேரமே அவர்களுக்கு முதன்மையாக வேண்டியிருந்தது.

கடிகாரம் பின்னோக்கிப் போவதில் உள்ள ஆபத்து, நிகழ்வுகளின் வரிசை குலைவதுதான். எது முதலில் நடந்தது, எது பின்னர் நடந்தது என்பதை நேரக்குறியை வைத்தே முடிவு செய்யும் நிரல்கள் ஏராளம். டவ்காட் என்னும் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளின் பழைய பதிப்புகள், நேரம் பின்னோக்கி நகர்ந்ததைக் கண்டால் அஞ்சல் பெட்டிகளுக்குக் கேடு நேரக்கூடும் என்று கருதி, இயங்குவதையே நிறுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தன. ஒரே தரவுத்தளத்தைப் பல கணினிகள் சேர்ந்து தாங்கும் கிளஸ்டர் அமைப்பில் நிலைமை இன்னும் கடினமானது. அங்கே ஒவ்வொரு கணினியும் மற்றவை உயிரோடு இருக்கின்றனவா என்பதைக் குறித்த இடைவெளியில் சோதித்துக்கொண்டே இருக்கிறது. ஆரக்கிள் நிறுவனம் தன் கிளஸ்டர் மென்பொருளை நிறுவுவோர் என்டிபிடியை எக்ஸ் விருப்பத்தேர்வுடன்தான் இயக்க வேண்டும் என்று நிறுவல் கையேட்டிலேயே எழுதியிருந்தது; அந்த எழுத்து இல்லையென்றால் நிறுவலுக்கு முன் நடக்கும் சோதனையிலேயே பிழை காட்டப்படும். இவ்வாறு எக்ஸ் என்பது தனிப்பட்ட நிர்வாகி ஒருவரின் விருப்பமாக இல்லாமல், பெரிய நிறுவனங்களின் தரவுத்தளக் கணினிகளில் கட்டாயமான ஒரு வரியாகவே ஆகிவிட்டது.

இங்கே லீப் நொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணுக் கடிகாரங்கள் காட்டும் நேரம் மாறாத சீருடையது; பூமியின் சுழற்சிக்கு அந்தச் சீர் கிடையாது. இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று வெகுதூரம் விலகாதிருக்க, 1972 முதல் உலகப் பொதுநேரத்தில் அவ்வப்போது ஒரு நொடி சேர்க்கப்பட்டு வந்திருக்கிறது. பாரிஸ் வானாய்வகத்தில் இயங்கும் புவிச் சுழற்சிச் சேவை நிறுவனம் ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு முன்பே அதை அறிவிக்கும். ஜூன் அல்லது டிசம்பர் மாதத்தின் கடைசி நாளில், உலகப் பொதுநேரப்படி 23 மணி 59 நிமிடம் 59 நொடிக்குப் பிறகு, 60 என்ற எண்ணுடன் ஒரு நொடி வந்து, அதன் பின்னரே நள்ளிரவு பிறக்கும். இந்தியாவில் அந்த நொடி மறுநாள் விடியற்காலை 5 மணி 29 நிமிடம் 60 நொடியாக அமைகிறது. புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், இந்திய நேரத்தைக் காக்கும் பொறுப்பின்படி, அதைத் தன் கடிகாரங்களில் சேர்க்கிறது. ஜப்பானில் அது காலை 9 மணிக்கு முந்தைய நொடி.

மனிதர் படிக்கும் கடிகாரத்தில் 60ஆவது நொடிக்கு ஓர் எண்ணைத் தந்துவிடலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளுக்கோ அதற்கு இடமில்லை. அவை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளை ஒரே எண்ணாக எண்ணுகின்றன. ஒவ்வொரு நாளுக்கும் சரியாக 86,400 நொடிகள் என்பது அந்தக் கணக்கின் மாறா விதி. 2015 ஜூலை 1 பிறக்கும் கணத்துக்குரிய எண் 1435708800 என்றும், அதற்கு முந்தைய நொடியின் எண் 1435708799 என்றும் ஏற்கெனவே முடிவாகிவிட்டதால், இடையில் நுழையும் நொடிக்கு எண்ணே கிடையாது. எனவே கணினி 1435708799 என்ற எண்ணையே இரண்டாம் முறையும் எண்ணுகிறது. அதாவது கடிகாரம் ஒரு நொடி பின்னோக்கிப் போகிறது. ஒரு வங்கிப் பரிமாற்றம் 59.7ஆவது நொடியில் பதிவாகி, மற்றொன்று உண்மையில் அதற்கு 0.6 நொடி கழித்துப் பதிவானால், இரண்டாவதன் நேரக்குறி 59.3 என்று விழும். பின்னால் நடந்தது 0.4 நொடி முன்னால் நடந்ததாகப் பதிவேட்டில் நின்றுவிடும். எக்ஸ் விருப்பத்தேர்வை எழுதி வைத்த நிர்வாகிகள் தவிர்க்க நினைத்தது இதையேதான்.

லீப் நொடியைச் சேர்க்கும் பொறுப்பு என்டிபிடியில் பொதுவாக இயங்குதளத்தின் உட்கருவான கர்னலிடம் விடப்பட்டிருந்தது. நாள் முடியும்போது ஒரு நொடி சேர்க்க வேண்டும் என்று நிரல் முன்கூட்டியே கர்னலிடம் சொல்லிவிடும். குறித்த கணத்தில் கர்னல் அதைச் செய்துவிடும். ஆனால் எக்ஸ் விருப்பத்தேர்வு இருந்தால், மென்திருத்தத்தை நிரல் தானே நடத்த வேண்டியிருப்பதால், கர்னலின் நேரக் கட்டுப்பாடு முழுவதுமாக அணைக்கப்படுகிறது. இதையும் கையேடு ஒரு வரியில் சொல்லியிருந்தது. கர்னல் அணைக்கப்பட்டிருந்தால் லீப் நொடியை யார் கவனிப்பது என்ற கேள்விக்கு விடையாக, 4.2.6 வரிசைப் பதிப்புகளின் மூலநிரலில் வேறோர் இடத்தில் சில வரிகள் எழுதப்பட்டிருந்தன. நொடிக்கு ஒருமுறை இயங்கும் பகுதி லீப் நொடிக்கு இன்னும் எத்தனை நொடிகள் உள்ளன என்பதை இறங்குமுகமாக எண்ணிக்கொண்டே வரும். அந்த எண்ணிக்கை பூச்சியத்தைத் தொட்டதும், கர்னல் பொறுப்பில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால், தாவல் திருத்தத்துக்கென்று உள்ள செயற்கூற்றையே அழைத்துக் கடிகாரத்தை ஒரு நொடி பின்னுக்குத் தள்ளும். 600 நொடி என்று உயர்த்தப்பட்ட எல்லை இந்த இடத்தில் கேட்கப்படவே இல்லை. அந்த எல்லை, சர்வர்களிடமிருந்து வரும் விடைகளை ஆராயும் வழியில் நின்ற காவல். லீப் நொடியோ வேறு வாசல் வழியாக வந்தது.

இந்தக் குறையில் உள்ள வேதனையான முரண் இதுதான்: தாவல் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட எழுத்து கர்னலை அணைத்தது; கர்னல் அணைந்திருந்ததாலேயே நிரல் தன் கையால் தாவலைச் செய்தது. எக்ஸ் எழுதாத கணினியில் கர்னல் பின்னுக்குத் தள்ளியது, எக்ஸ் எழுதிய கணினியில் என்டிபிடியே பின்னுக்குத் தள்ளியது; விளைவில் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருக்கும் என்று நம்பி ஒருவர் தூங்கப் போனார் என்பது மட்டுமே மிச்சம்.

இத்தகைய குறை இவ்வளவு காலம் மறைந்திருந்ததற்கு லீப் நொடியின் அரிதான வருகையே பெரும் காரணம். 1998 டிசம்பருக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் ஒன்றுகூட வரவில்லை. பின்னர் 2005, 2008 ஆகிய ஆண்டுகளின் இறுதியிலும், 2012, 2015 ஆகிய ஆண்டுகளின் ஜூன் இறுதியிலும் வந்தன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு நொடி இயங்கும் நிரல் வரிகளை அன்றாடப் பயன்பாடு சோதித்துத் தராது. அதிலும் 2012 ஜூன் 30 அன்று லினக்ஸ் கர்னலிலேயே இருந்த வேறொரு பிழை, லீப் நொடியை அடுத்து நேரமானிகளைக் குழப்பிச் செயலிகளை ஓயாமல் சுழல வைத்தது. ரெடிட் போன்ற பெரிய தளங்கள் தடுமாறின. எல்லோருடைய கவனமும் அந்தப் பிழையின் பக்கம் போனது இயல்பே. அதிலிருந்து தப்ப எக்ஸ் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற அறிவுரையும் நிர்வாகிகளிடையே பரவியது. கர்னலின் பொறுப்பை அது அணைத்துவிடும் என்பதால் அந்த அறிவுரையில் பாதி நியாயம் இருந்தது. மறுபாதியான பின்னோக்கிய தாவலைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

குறை என்டிபி திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் 2745 என்ற எண்ணைப் பெற்றது. எக்ஸ் விருப்பத்தேர்வுடன் இயங்கும் என்டிபிடி லீப் நொடியில் கடிகாரத்தைத் தாவச் செய்கிறது என்பதே அதன் சாரம். 2015 ஜூன் 29 அன்று வெளியான 4.2.8 வரிசையின் மூன்றாம் திருத்தப் பதிப்பில் அது தீர்க்கப்பட்டது. தீர்வின் கருத்து சுருக்கமானது: லீப் நொடிக்காகத் தாவ வேண்டுமென்றால், தாவலுக்கே இடம் தரப்பட்டிருக்கிறதா என்றும், தாவ வேண்டிய தூரம் தாவலுக்கென்று வைக்கப்பட்ட எல்லையைத் தாண்டுகிறதா என்றும் முதலில் கேள். எக்ஸ் இருந்தால் எல்லை 600 நொடி. லீப் நொடியின் அளவு ஒன்று. எனவே தாவல் இல்லை. கடிகாரம் ஒரு நொடி முந்தியதாகவே நின்று, அடுத்துவரும் விடைகளைக் கண்டு மெல்ல வேகம் குறைத்துச் சரியான நேரத்துக்கு வரும். சர்வர்களை நடத்தும் நிறுவனங்கள் ஒரு பதிப்பைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ள வாரங்கள் ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், முந்தைய நாள் வெளியான பதிப்பு எத்தனை கணினிகளுக்கு அந்த நொடியில் கைகொடுத்திருக்க முடியும் என்ற கவலை எழுகிறது. லினக்ஸ் வெளியீட்டாளர்கள் சிலர் பழைய 4.2.6 பதிப்புக்கே இந்தத் திருத்தத்தைத் தனியாகப் பொருத்தி முன்னதாகத் தந்தது இதனால்தான் மதிக்கத்தக்க பணியாகிறது.

பிழை யாருடையது என்று கேட்டால், விடை உடனே கிடைப்பதில்லை. கையேட்டை எழுத்துக்கு எழுத்தாகப் படித்தால், கடிகாரம் ஒருபோதும் தாவாது என்று அது எங்கும் சொல்லவில்லை. தாவலுக்கான எல்லை 600 நொடியாகும் என்று மட்டுமே சொன்னது. நிரல் அந்தச் சொல்லைக் காப்பாற்றியதாகவே ஒரு வழக்கறிஞர் வாதாடலாம். ஆனால் நிர்வாகி ஒரு விருப்பத்தேர்வைப் படிப்பது அதன் நோக்கத்தைக் கொண்டுதான். எல்லை 600 நொடி என்றால் ஒரு நொடிக்காகத் தாவ மாட்டாது என்று அவர் கொண்ட பொருள் முற்றிலும் நியாயமானது. அந்த ஒரு நொடி எந்த வழியில் வந்தது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. நிரலை எழுதியவர்களுக்கோ எக்ஸ் என்பது ஒரு மாறியின் மதிப்பைக் கூட்டும் கட்டளையாக இருந்தது. ஒரே எழுத்தை ஒருவர் விளைவாகவும் மற்றவர் மதிப்பாகவும் படித்தார்கள். திட்டத்தின் பராமரிப்பாளர்கள் கையேட்டின் சொற்களுக்குப் பின்னால் ஒதுங்காமல், பயன்படுத்துவோரின் பொருளையே சரியென்று ஏற்று நிரலைத் திருத்தினார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை.

கையேடு தெளிவாகச் சொல்லியும் நிரல் மீறிய நிகழ்வும் அதே ஆண்டில் வெளிப்பட்டது. அதில் சிக்கியது ஜி என்னும் எழுத்து. மின்கலம் தீர்ந்த கணினியோ, கடிகார மின்கலமே இல்லாமல் விற்கப்பட்ட ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியோ, தொடங்கும்போது பல ஆண்டுகள் பழைய நேரத்தைக் காட்டக்கூடும். 1000 நொடி விதியின்படி என்டிபிடி அங்கே நின்றுவிடும் என்பதால், முதல் முறை மட்டும் எவ்வளவு பெரிய வேறுபாட்டையும் ஏற்றுக்கொள் என்று சொல்ல ஜி விருப்பத்தேர்வு வைக்கப்பட்டது. இது ஒரே ஒருமுறைதான் நடக்கும், அதன்பின் எல்லை மீறப்பட்டால் நிரல் நின்றுவிடும் என்று கையேடு ஐயத்துக்கு இடமில்லாமல் சொன்னது. ரெட் ஹாட், டெபியன் ஆகிய லினக்ஸ் வெளியீடுகள் இந்த எழுத்தைத் தங்கள் தொடக்கக் கோப்பிலேயே சேர்த்து அனுப்பின. எனவே அதைத் தேர்ந்தெடுக்காதவர்களின் கணினியிலும் அது இருந்தது.

2015 அக்டோபரில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்த ஒருமுறை என்பது உண்மையில் ஒருமுறையாக இல்லை என்று காட்டினார்கள். மூலநிரலில் பெரிய தாவலுக்கு அனுமதி தரும் மாறி ஒன்று இருந்தது. முதல் தாவல் முடிந்தவுடன் அது மூடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வேறுபாடு 128 மில்லி நொடிக்குள் வந்த பின்னரே அது மூடப்பட்டது. நேர்மையான சர்வர் விடை தரும் வரை இரண்டும் ஒன்றே, ஏனெனில் ஒரு தாவலுக்குப் பிறகு வேறுபாடு தானாகச் சிறிதாகிவிடும். கணினிக்கும் சர்வருக்கும் இடையில் புகுந்து விடைகளை மாற்றியனுப்பும் தாக்குநர், முதலில் ஒரு சிறிய தாவலையும் அடுத்து ஒரு பெரிய தாவலையும் உண்டாக்கும்படி பொய் நேரம் தந்தால், வேறுபாடு அந்த வரம்புக்குள் வரவே வராது. அனுமதியும் திறந்தே கிடக்கும். அனுமதி மூடிய பிறகும் இன்னொரு வழி இருந்தது. பெரிய பொய் ஒன்றைச் சொன்னால் நிரல் அஞ்சி நின்றுவிடும். நின்றுபோன சேவையைத் தானாக மீண்டும் தொடங்கும் ஏற்பாடு சர்வர்களில் வழக்கமானது. தொடக்கக் கோப்பில் ஜி இருப்பதால், மீண்டும் எழுந்த நிரல் அந்தப் பொய்யை முதல் முறையாகவே எண்ணி ஏற்றுக்கொள்ளும். கடிகாரத்தைப் பின்னுக்கு இழுத்தால் காலாவதியான பாதுகாப்புச் சான்றிதழும் செல்லுபடியாகும் என்பதால், இது வெறும் நேரப் பிழை அன்று.

சிவிஇ-2015-5300 என்ற எண் பெற்ற இந்தக் குறைக்கு ரெட் ஹாட் உடனே திருத்தம் தந்தது. என்டிபி திட்டம் 2016 ஜனவரியில் 4.2.8 வரிசையின் ஐந்தாம் திருத்தப் பதிப்பில், அனுமதியை முன்னதாகவே மூடும்படி நிரலை மாற்றியது. மறுதொடக்கத்தின் வழியே வரும் ஆபத்தை நிரலால் மட்டும் முழுமையாகத் தீர்க்க முடியாது. தானாக மீண்டும் தொடங்கும் ஏற்பாட்டில் ஜி எழுத்தை வைக்க வேண்டாம் என்ற பழைய பரிந்துரையைப் பின்பற்றுவதே அதற்கு வழி. ஆனால் பரிந்துரைக்கும், வெளியீட்டோடு வந்து சேரும் கோப்புக்கும் இடையே முரண் இருந்தால் வெல்வது கோப்புதான்.

எக்ஸ் எழுத்தின் கதைக்குத் திரும்பினால், திருத்தப்பட்ட நிரலும் கிளஸ்டர்களின் சிக்கலை முழுமையாகத் தீர்க்கவில்லை என்பது தெரியும். ஒவ்வொரு கணினியும் லீப் நொடிக்குப் பிந்தைய வேறுபாட்டைத் தனித்தனியாக உணர்ந்து, தனித்தனி நேரத்தில் மென்திருத்தத்தைத் தொடங்குவதால், அந்த அரைமணி நேரத்தில் அவை தமக்குள்ளேயே வேறுபட்டு நிற்கக்கூடும். இதற்கு மாற்றாக, கூகுள் நிறுவனம் 2011இல் வெளிப்படுத்திய பரப்பல் முறையில், நேரம் தரும் சர்வரே அந்த ஒரு நொடியைப் பல மணி நேரத்துக்குப் பரப்பி, கேட்பவர் எல்லோருக்கும் ஒரே அளவில் சிறிது சிறிதாக ஊட்டிவிடுகிறது. கேட்கும் கணினிகளுக்கு லீப் நொடி வந்ததே தெரியாது. என்டிபிடியின் அதே 2015 ஜூன் பதிப்பில் இந்த வசதியும் சேர்க்கப்பட்டது. பரப்பும் சர்வரையும் பரப்பாத சர்வரையும் ஒரே கணினி கலந்து கேட்டுவிடக் கூடாது என்பது மட்டும் இதில் கவனமாகக் காக்க வேண்டிய விதி.

பின்வந்த குரோனி என்னும் ஒத்திசைவு மென்பொருள் வேறொரு பாதையை எடுத்தது. லீப் நொடி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கென்றே அதன் அமைப்புக் கோப்பில் தனி வரி உண்டு. கர்னலிடம் விடுவது, தாவுவது, மென்திருத்தம் செய்வது, எதுவும் செய்யாமல் விடுவது என நான்கு தெரிவுகளுள் ஒன்றை நிர்வாகி சொல்லால் எழுதுகிறார். தாவலின் பொது எல்லையை உயர்த்திவிட்டு, லீப் நொடியும் அதற்குள் அடங்கும் என்று ஊகிக்க வேண்டிய தேவை அங்கே இல்லை. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸ் 2014இல் வந்த ஏழாம் பதிப்பு முதல் குரோனியை இயல்பான தேர்வாக்கியது. 2019இல் வந்த எட்டாம் பதிப்பு என்டிபிடியையே கைவிட்டது.

கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31 அன்று, இந்தியாவில் 2017 புத்தாண்டின் விடியலில், சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு எதுவும் அறிவிக்கப்படவில்லை. 2022இல் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு, பூமிச் சுழற்சிக்கும் அணுநேரத்துக்கும் இடையே அனுமதிக்கப்படும் விலகலை 2035க்குள் பெரிதாக்கி, லீப் நொடியின் தேவையை நீண்ட காலத்துக்குத் தள்ளிவைக்க முடிவு செய்தது. அதற்குள் இன்னொன்று வரக்கூடும். அண்மைக் காலத்தில் பூமி சற்று வேகமாகச் சுழல்வதால், ஒரு நொடியைச் சேர்ப்பதற்குப் பதிலாகக் கழிக்க வேண்டி வரலாம் என்ற கணிப்பும் அறிவியலாளரிடையே உண்டு. 1972 முதல் சேர்க்கப்பட்ட 27 லீப் நொடிகளும் கூட்டல் நொடிகளே. கழித்தலுக்கான வரிகள் பல நிரல்களில் எழுதப்பட்டுக் கிடக்கின்றன. மெய்யான ஒரு நாளில் அவை இதுவரை ஒருமுறைகூட இயங்கியதில்லை. ஆகவே பழைய என்டிபிடியை எக்ஸ் எழுத்துடன் இன்னும் இயக்கி வருவோர், சோதனைக் கணினி ஒன்றில் லீப் நொடிப் பட்டியல் கோப்பைப் பொய்யான நாளுடன் மாற்றியமைத்து, கூட்டல், கழித்தல் இரண்டையும் நடத்தி, அந்தக் கணத்தில் கடிகாரம் காட்டும் எண்களைப் பதிவு செய்து பார்ப்பது இன்றும் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை.